ஈடு பிச்சையல்ல, பாக்கி

(மேனாம்பேட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம், குற்றத்தால் அடிபட்டவர்களுக்குச் சர்க்கார் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டையும் உதவியையும் பற்றியதாகும். இது வக்கீல்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, சுயமரியாதைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நாம் சொல்லுகின்றோம், சுயமரியாதைக்கு இதைவிட நெருங்கிய விஷயம் வேறொன்றில்லை. எப்படியென்றால், ஒரு மனிதன் அடிபட்டுக் கிடக்கும்போது, "எனக்குச் சேர வேண்டியதைக் கொடு" என்று நிமிர்ந்து கேட்கிறானா, அல்லது "ஐயா, பார்த்து ஏதாவது செய்யுங்கள்" என்று குனிந்து நிற்கிறானா என்பதில்தான் அவனுடைய மானம் இருக்கின்றது.

ஒரு ஊரில் ஒருவன் வெட்டப்பட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டினவனைப் பற்றி ஊரெல்லாம் பேசும். பிடிபட்டானா, ஜாமீனில் வந்தானா, எந்த வக்கீல், எத்தனை வருஷம் தண்டனை என்பதெல்லாம் டீக்கடையில் அலசப்படும். அவன் சிறைக்குப் போனால் மூன்று வேளைச் சோறும், காய்ச்சல் வந்தால் வைத்தியரும், வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் வக்கீலும் சர்க்கார் செலவிலேயே கிடைக்கும். இதையெல்லாம் கொடுக்கக்கூடாதென்று நாம் சொல்லவில்லை. குற்றவாளியும் மனிதனே, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வெட்டுப்பட்டவன் பெண்டாட்டி அடுப்பில் உலை ஏறிற்றா, அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, அவன் வாங்கின கடனுக்கு வட்டி யார் கட்டுகிறார்கள் என்று கேட்பதற்கு ஒரு ஆளும் இருப்பதில்லை. கோர்ட்டில் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். கூப்பிட்ட நாளில் வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லிவிட்டுப் போக வேண்டும். அன்றைக்கு அவளுக்குக் கூலியும் போயிற்று.

இந்த அநியாயம் ஏன் வெகு காலமாக யார் கண்ணிலும் படவில்லை என்று யோசித்துப் பாருங்கள். காரணம், நம் ஜனங்களுக்கு ஊட்டப்பட்டிருக்கும் தலைவிதிப் புரட்டுதான். "அவன் தலையில் அப்படி எழுதியிருக்கிறது", "போன ஜன்மத்தில் என்ன பாவம் செய்தாளோ", "கெட்ட நேரம்" என்று சொல்லிவிட்டால், அத்துடன் எல்லாக் கேள்வியும் முடிந்துபோகும். வெட்டினவன் பொறுப்பும் போயிற்று. காவல் காக்காதவன் பொறுப்பும் போயிற்று. பாக்கியெல்லாம் பட்டவன் தலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதற்கு மேல், பரிகாரம் செய்ய வேண்டுமென்று சொல்லி, இருக்கிற நாலு காசையும் கோவிலுக்கும் சோதிடனுக்கும் கொண்டுபோய்க் கொட்டச் சொல்லுவார்கள். அடிபட்டவனிடமே அபராதம் வாங்கும் அதிசயம் இந்த நாட்டில்தான் உண்டு!

இது ஏதோ பாமர ஜனங்களின் அறியாமை மட்டுமல்ல. நம் தர்ம சாஸ்திரமே இப்படித்தான் இருக்கிறது. மனுதர்மத்தின் 11வது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். அதில் கொலைக்குப் பிராயச்சித்தம் சொல்லப்பட்டிருக்கிறது. பார்ப்பனன் ஒருவன் எண்ணாமல் க்ஷத்திரியனைக் கொன்றுவிட்டால் ஆயிரம் பசுவும் ஒரு காளையும். வைசியனைக் கொன்றால் நூறு பசு. சூத்திரனைக் கொன்றால் பத்துப் பசுவும் ஒரு காளையும் கொடுத்துப் பாவத்தைத் தீர்த்துக்கொள்ளலாமாம். யாருக்குக் கொடுப்பது? செத்தவன் பெண்டாட்டிக்கா, பிள்ளைக்கா என்றால் அதுதான் இல்லை. சூத்திரனைக் கொன்றவன் அந்தப் பசுக்களைப் பார்ப்பனனுக்குக் கொடுக்க வேண்டுமென்று பச்சையாகவே எழுதியிருக்கிறது! அதாவது, செத்தவன் நம்மவன். பசு போவது அவர்கள் வீட்டுக்கு. அதோடு விட்டதா? பூனை, கீரி, தவளை, நாய், உடும்பு, ஆந்தை, காக்கை ஆகியவற்றைக் கொன்றாலும் சூத்திரனைக் கொன்றதற்கு உண்டான பிராயச்சித்தமே போதும் என்று அடுத்தபடியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. காக்கைக்கும் நமக்கும் ஒரே விலை. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அந்த விலைகூட அந்தப் பட்டியலில் குறிக்கப்படவில்லை.

கொலை செய்தவனுடைய பாவம் எப்படிப் போகும் என்பதுதான் சாஸ்திரத்தின் கவலை. கொலையுண்டவனுடைய குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்பதைப் பற்றி அங்கே கவலையே இல்லை. பாவம் என்று பேசுகிறவரைக்கும் இப்படித்தான் இருக்கும். நஷ்டம் என்று பேச ஆரம்பித்தால்தான், நஷ்டப்பட்டவன் யார், அவனுக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்ற கேள்விகள் பிறக்கும். பகுத்தறிவு என்பது இந்தக் கேள்விகளைக் கேட்பதுதான்.

வேறு தேசங்களில் வெகு காலத்துக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சுமார் 3,750 வருஷங்களுக்கு முன் பாபிலோன் தேசத்தை ஆண்ட ஹம்முராபி என்னும் அரசன் கல்லில் வெட்டி வைத்த சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. கொள்ளைக்காரன் பிடிபடாவிட்டால், கொள்ளை போனவனுக்கு அந்தப் பொருளின் மதிப்பை, எந்த ஊர் எல்லையில் கொள்ளை நடந்ததோ அந்த ஊரும் அதன் அதிகாரியும் கொடுக்க வேண்டும். உயிர் போயிருந்தால் அவனுடைய சுற்றத்தாருக்கு ஒரு எடை வெள்ளி கொடுக்க வேண்டும் என்பது அந்த விதி. அந்தச் சட்டத்திலும் ஆண்டானுக்கு ஒரு நீதி, அடிமைக்கு ஒரு நீதி என்னும் கொடுமை உண்டு. அதை நாம் கொண்டாடவில்லை. ஆனால் ஈடு பட்டவனுக்கே சேர வேண்டும், காக்கத் தவறின அதிகாரியே கொடுக்க வேண்டும் என்கிற ஒரு புத்தி அவனுக்கு இருந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே காவல் முறை என்று ஒன்று இருந்ததே! பாளையக்காரர் காலத்தில் காவற்காரன் ஊராரிடம் காவற்கூலி வாங்குவான். நெல்லில் ஒரு பங்கு, வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. வாங்கினபின் ஊரில் களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் கிரயத்தைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பிற்காலத்தில் அந்தக் காவற்காரர்களே கொள்ளைக்காரர்களாகி ஜனங்களை அரித்தது வேறு விஷயம். ஆனால் கூலி வாங்கினவன் களவுக்கு ஈடு சொல்ல வேண்டும் என்கிற நியாயம் எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனுக்கும் அன்றைக்குத் தெரிந்திருந்தது.

இப்பொழுது காவற்கூலி வாங்குகிறவன் யார்? சர்க்கார். சோப்புக் கட்டி வாங்கினால் வரி, செருப்பு வாங்கினால் வரி, வண்டிக்கு வரி, வீட்டுக்கு வரி. மேனாம்பேட்டில் கூலிக்காரன் வீட்டுக் குழந்தை வாங்கித் தின்னும் பிஸ்கோத்திலும் வரி இருக்கிறது. இவ்வளவும் வாங்கிக்கொண்டு, நீ கத்தி வைத்துக்கொள்ளாதே, அடித்தவனைத் திருப்பி அடிக்கப் போகாதே, நான் பார்த்துக்கொள்ளுகிறேன் என்று சர்க்கார் சொல்லுகிறது. அது சரியான ஏற்பாடுதான். ஆனால் பார்த்துக்கொள்ளத் தவறினால்? அப்பொழுது ஈடு சொல்ல வேண்டியவன் கூலி வாங்கினவன்தானே! இங்கிலாந்தில் 1950களில் மார்ஜரி ஃபிரை என்னும் அம்மையார் ஏறக்குறைய இதே நியாயத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அதன் பலனாகவும், அந்தக் கிளர்ச்சியைக் கண்டும், 1963இல் நியூசிலாந்து முதன்முதல் இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. 1964இல் இங்கிலாந்து ஒரு திட்டம் கொண்டுவந்தது. 1985இல் ஐக்கிய நாடுகள் சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளைப் பற்றி ஒரு பிரகடனமே வெளியிட்டது.

நம் நாட்டுக் கதை என்ன? 1898ஆம் வருஷத்துக் குற்ற விசாரணைச் சட்டத்திலேயே, குற்றவாளிக்கு அபராதம் விதித்தால் அதிலிருந்து பட்டவனுக்குக் கோர்ட்டு கொஞ்சம் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. 1973ஆம் வருஷத்துச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. ஆனால் குற்றவாளி பிடிபட வேண்டும். வழக்கு ருசுவாக வேண்டும். அவன் கையில் காசு இருக்க வேண்டும். அதற்குமேல் நீதிபதிக்கு மனம் வர வேண்டும். இந்த நான்கும் சேர்ந்து கூடிவருவது அமாவாசையில் நிலவு வருவது போலத்தான். கடைசியாக 2008இல் சட்டம் திருத்தப்பட்டு, 2009 டிசம்பர் 31 முதல் 357-அ என்னும் பிரிவு அமலுக்கு வந்தது. ஒவ்வொரு மாகாண சர்க்காரும் ஈட்டுக்கென்று திட்டம் வகுத்துப் பணம் ஒதுக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. தமிழ்நாட்டின் திட்டம் 2013இல் வந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பழைய சட்டத்துக்குப் பதில் புதிய சட்டம் வந்துவிட்டபடியால், இப்பொழுது அது 396வது பிரிவாக இருக்கிறது. எண் மாறினாலும் சரக்கு மாறவில்லை.

அந்தப் பிரிவில் இருப்பவற்றை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், வழக்கே நடக்காவிட்டாலும், பட்டவரோ அவரை நம்பி இருந்தவர்களோ மனுப் போடலாம். இரண்டாவது, எதிரி விடுதலையாகிவிட்டாலும்கூட, பட்டவருக்கு மறுவாழ்வு வேண்டுமென்று கோர்ட்டு சிபாரிசு செய்யலாம். மூன்றாவது, மனு வந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். நான்காவது, அதுவரைக்கும் காத்திருக்க முடியாத அவசரமானால், போலீசு ஸ்டேஷன் அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ கொடுக்கும் சான்றின் பேரில் இடைக்கால உதவி வாங்கலாம். இவை யாருடைய தயவும் அல்ல. சட்டத்தில் அச்சடித்த எழுத்து.

பெண்களுக்காக 2018இல் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு தனித் திட்டம் தயாரித்தது. அதை எல்லா மாகாணங்களும் பின்பற்ற வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அதன்படி, பலாத்காரம் செய்யப்பட்ட பெண்ணுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை. உயிர் போயிருந்தால் 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை. திராவகம் வீசி முகம் சிதைக்கப்பட்டால் 7 லட்சம் முதல் 8 லட்சம் வரை. பணத்தில் கால் பங்கு உடனே செலவுக்கு. முக்கால் பங்கு மூன்று வருஷமாவது பாங்கியில் வைப்பாக இருக்கும். இப்படி வைத்தது ஏனென்றால், பணம் வந்த மறுநாளே புருஷனோ அண்ணனோ மைத்துனனோ பிடுங்கிக்கொள்ளாமலிருக்க. 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலேயே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்ட இயக்கத்தாராகிய நாம், அந்தப் பாங்கிப் புத்தகம் அவள் பெயரில், அவள் கையிலேயே இருக்கிறதா என்று கண்காணிக்க வேண்டியவர்கள்.

ஆதித் திராவிடர், பழங்குடியினர் மீது நடக்கும் கொடுமைகளுக்கு 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை உதவி. 2021இல் தமிழ்நாடு சர்க்கார் அதை ஒரு லட்சம் முதல் 12 லட்சம் வரை உயர்த்துவதாக அறிவித்தது. கொலையானால் முதல் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மறுபாதி குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் கொடுக்க வேண்டும். அதோடு, விதவைக்கு மாதம் 5,000 ரூபாயும் பஞ்சப்படியும் பென்ஷன், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளின் படிப்புச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் முதலியவையும் அந்த விதியில் சொல்லப்பட்டிருக்கின்றன. மனு சூத்திரனுக்கு விலையாகப் பத்துப் பசு வைத்து அதையும் பார்ப்பனனுக்குக் கொடுக்கச் சொன்ன தேசத்தில், அம்பேத்கர் வகுத்த அரசியல் சட்டத்தின் கீழ் வந்த சட்டம் பஞ்சமன் பெண்டாட்டிக்குப் பென்ஷன் என்கிறது. எது உங்களுக்கு வேண்டும், சாஸ்திரமா, சட்டமா?

சட்டம் நன்றாயிருக்கிறதே, பிறகென்ன குறை என்று கேட்பீர்கள். குறை என்னவென்றால், சட்டம் தானாக நடந்து உங்கள் வீட்டுக்கு வராது. வாச்சாத்தியின் கதையைச் சொல்லுகிறோம், கேளுங்கள். தர்மபுரி மாவட்டம் அரூருக்குப் பக்கத்தில் மலைவாழ் மக்கள் வாழும் கிராமம் அது. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு காட்டிலாகா, போலீசு, ரெவினியூ அதிகாரிகள் அந்தக் கிராமத்தில் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், ஜனங்களை அடித்தார்கள், 18 பெண்களைக் கெடுத்தார்கள். காவற்கூலி வாங்கினவனே களவு செய்ததற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டுமா? அந்த ஜனங்களும், அவர்களுக்குத் துணை நின்ற மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் கம்யூனிஸ்டுத் தோழர்களும் விடாமல் போராடினார்கள். 269 பேர் மீது வழக்கு நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். 2011 செப்டம்பர் 29இல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரிக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அப்பீலில் 2023 செப்டம்பர் 29இல் சென்னை ஐக்கோர்ட்டு அந்தத் தீர்ப்பை உறுதி செய்து, அந்த 18 பெண்களுக்கும் தலைக்கு 10 லட்சம் ரூபாய் சர்க்கார் கொடுக்க வேண்டும், அதில் பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகளிடமிருந்து சர்க்கார் வசூலித்துக்கொள்ள வேண்டும், வேலையோ சுய தொழிலோ ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, ஈடு முதலில் சர்க்காரிடமிருந்து வர வேண்டும். குற்றவாளியிடம் வசூலிப்பது சர்க்கார் பாடு. பட்ட பெண் அவன் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. இரண்டு, 31 வருஷம்! 20 வயதுப் பெண்ணுக்கு 51 வயதில் வருகிற ஈடு, பசிக்கிறபோது மறுத்துவிட்டு, பல் போனபின் வைக்கிற விருந்து. அதுவும் அவர்கள் ஒன்றுகூடி நின்றபடியால்தான் வந்தது. தனித்தனியாக அழுதிருந்தால் அதுவும் இல்லை.

நிற்க, நமக்கு மூன்று பக்கத்திலிருந்து மோசம் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். தலைவிதியைப் பற்றி முன்னமே சொல்லியாயிற்று. இரண்டாவது மோசம், பஞ்சாயத்துச் சமாதானம். பெரிய மனிதர்கள் நாலு பேர் வந்து உட்காருவார்கள். "நடந்தது நடந்துபோயிற்று, பெண் பெயர் கெட்டுப்போகும், ஏதோ கொடுக்கச் சொல்லுகிறோம், வாங்கிக்கொண்டு பிராதை வாபஸ் வாங்கிவிடு" என்பார்கள். அந்தப் பணத்துக்கும் சட்டப்படி வரும் ஈட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாகக் கவனியுங்கள். பஞ்சாயத்துப் பணம் வாயை மூடுவதற்குக் கூலி. அதை வாங்கினால் வழக்கைக் கைவிட வேண்டும். சர்க்கார் ஈட்டுக்கோ வழக்கைக் கைவிட வேண்டிய அவசியமே இல்லை. வழக்கும் நடக்கும், ஈடும் வரும். மேலும், கொலை, பலாத்காரம், வன்கொடுமை முதலியவை சமாதானமாகப் போகச் சட்டம் இடங்கொடுக்காத குற்றங்கள். பஞ்சாயத்தார் எழுதி வாங்கும் காகிதம் கோர்ட்டில் செல்லாது. செல்லாக் காசுக்கு மானத்தை விற்காதீர்கள்.

மூன்றாவது மோசம், தர்மப் பிரபு வேஷம். ஒரு கொடுமை நடந்து பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்துவிட்டால், பிரமுகர்கள் மாலையோடும் புகைப்படக்காரரோடும் வந்து, அழுதுகொண்டிருக்கிற தாயின் கையில் ஒரு செக்கைக் கொடுத்து, "கருணை உள்ளத்தோடு வழங்கினார்" என்று போட்டுக்கொள்ளுவார்கள். பத்திரிகையில் வராத தாய்க்கு அந்தக் கருணை எட்டுவதில்லை. கடன் பாக்கியைத் தீர்க்கிறவன் அதைக் கருணை என்று சொல்லிக்கொண்டால் நாம் சிரிக்கமாட்டோமா? அவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கும்பிட்டு வாங்காதீர்கள். அதை வாங்கினதோடு நின்றுவிடாமல், சட்டப்படி சேர வேண்டியதற்கு மனுவும் போடுங்கள்.

இனி மேனாம்பேட்டு ஜனங்கள் செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம். கிராமமாயிருந்த இந்த ஊர், 2011இல் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. போலீசோ 2022இல் ஏற்பட்ட ஆவடி கமிஷனரேட்டில் சேர்ந்தது. தொழிற்பேட்டைக்கு இராத்திரி ஷிப்டு போகிற பெண்கள் இருக்கிறீர்கள். வடநாட்டிலிருந்து வந்து வாடகை அறையில் இருக்கிற தொழிலாளிகள் இருக்கிறார்கள். லாரிகள் ஓடும் ரோட்டில் விடியற்காலையில் சைக்கிளில் போகிறவர்கள் இருக்கிறீர்கள். ஒரு ஆபத்து வந்தால், "இது எங்கள் எல்லையில்லை, அங்கே போ" என்று விரட்டுவார்கள் என்கிற பயம் உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பயம் வேண்டாம். எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டுமென்று இப்பொழுது சட்டமே சொல்லுகிறது. அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். அந்த நகல்தான் மற்ற எல்லாக் கதவுக்கும் சாவி, வாங்காமல் திரும்பாதீர்கள். விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று 90 நாளைக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் போலீசாரின் கடமை.

பலாத்காரம், திராவக வீச்சு முதலியவற்றில் பட்டவர்களுக்கு, சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசமாக வைத்தியம் செய்ய வேண்டும். மறுத்தால் அதுவே ஒரு வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் வழக்கானால், வழக்கு முடிகிறவரை காத்திராமல் ஆரம்பத்திலேயே தனிக் கோர்ட்டு இடைக்கால ஈடு உத்தரவு போடலாம். உத்தரவான 30 நாளைக்குள் சர்க்கார் கொடுக்க வேண்டும். இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் உள்ள திட்டப்படி உயிர் போனதற்கு 2 லட்சமும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. அதற்கு மனுவை ரெவினியூ அதிகாரியாகிய கோட்டாட்சியரிடமோ தாசில்தாரிடமோ கொடுக்க வேண்டும்.

மற்ற ஈட்டு மனுக்களைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்க வேண்டும். அதன் டெலிபோன் எண் 15100. அங்கே பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், ஆதித் திராவிடர், பழங்குடியினருக்கும், ஊனமுற்றோருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் பாராமல் வக்கீல் இலவசம். தொழிற்பேட்டைத் தோழர்களே, இது உங்களுக்காகவே எழுதியது. இதுவரைக்கும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெண்களுக்கு ஆபத்தென்றால் 181, குழந்தைகளுக்கு 1098, வன்கொடுமை என்றால் 14566. மனுவோடு முதல் தகவல் அறிக்கையின் நகல், வைத்தியர் சான்று அல்லது மரணச் சான்று, பாங்கிப் புத்தக நகல் ஆகியவற்றை வையுங்கள். இடைக்கால உதவி வேண்டுமென்று அதே மனுவில் கேளுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், ரசீது இருந்தால்தான் இரண்டு மாதம் கழித்துப் போய், "என்ன ஆயிற்று?" என்று கேட்க முடியும்.

இதற்குச் சிலர் சொல்லும் ஆட்சேபணைகளுக்கும் சமாதானம் சொல்லிவிடுகிறோம். "பணம் போன உயிரைக் கொண்டுவருமா?" என்கிறார்கள். வராது. பணம் உயிருக்கு விலை என்று நாம் எங்கே சொன்னோம்? செத்தவனுக்கு விலை போடவில்லை. இருக்கிறவர்களுக்குச் சோறு கேட்கிறோம். திவசத்துக்குக் கடன் வாங்கிச் செலவு செய்கிறபோது, அது போன உயிரைக் கொண்டுவருமா என்று எவனும் கேட்பதில்லையே! "பொய் வழக்குப் போட்டுப் பணம் பறிப்பார்கள்" என்கிறார்கள். பொய்யென்று ருசுவானால் கொடுத்ததைத் திரும்ப வாங்கத் திட்டத்திலேயே வழி இருக்கிறது. இன்ஷியூரன்சுக்காகக் கடையைக் கொளுத்துகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதற்காக, இன்ஷியூரன்சே வேண்டாமென்று எந்த வியாபாரியும் சொல்லவில்லை. ஏழைக்கு வருகிறபோது மாத்திரம் இந்தச் சந்தேகம் ஏன் வருகிறது?

"பெண்ணின் மானம் வெளியே வந்துவிடும்" என்கிறார்கள். பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை அச்சில் போடுவதே குற்றமென்று சட்டம் இருக்கிறது. அன்றியும், மானம் போனது யாருக்கு? திருடு கொடுத்தவன் தலைகுனிந்து நடக்க வேண்டும், திருடினவன் மீசையை முறுக்கலாம் என்று எந்த ஊரில் சொல்லுவார்கள்? பெண் விஷயத்தில் மாத்திரம் அப்படிச் சொல்லுகிறீர்களென்றால், பெண்ணை மனுஷியாக நினைக்காமல் உங்கள் வீட்டுப் பண்டமாக நினைக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். கெட்டது அவளுடைய மானமல்ல; அவளைக் கெடுத்தவனுடைய மனிதத்தன்மைதான்.

சர்க்காரிடமும் நாம் கேட்க வேண்டியது உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும், ஈடு கேட்கும் உரிமையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மாட்ட வேண்டும். பிராது கொடுக்க வந்தவருக்கு மனுப் பாரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் முடிக்காத அதிகாரியைக் காரணம் கேட்க வேண்டும். ஈடு கொடுத்துவிட்டோம் என்று சொல்லி வழக்கை ஆறப்போடக்கூடாது. ஈடும் வேண்டும், நீதியும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்று பதிலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றமே நடக்காதபடி இராத்திரியில் விளக்கும் பஸ்சும் காவலும் வேண்டும். ஈடு கொடுக்க வேண்டி வரும் என்கிற பயமிருந்தால்தான் காவற்காரன் விழித்திருப்பான்.

தோழர்களே! நம்மால் ஆகக்கூடிய காரியம் ஒன்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம். மேனாம்பேட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஐந்து பேர் சேருங்கள். அதில் இரண்டு பேராவது பெண்களாயிருக்கட்டும். எந்த ஜாதியாரானாலும், எந்த மதத்தாரானாலும், எந்தப் பாஷை பேசுகிறவரானாலும், அடிபட்டவர் என்று கேள்விப்பட்டால் அவர் வீட்டுக்குப் போங்கள். தலைவிதி என்று சொல்ல வருகிறவர்களுக்கு முன்னாலும், சமாதானம் பேச வருகிறவர்களுக்கு முன்னாலும் நீங்கள் போய்ச் சேர வேண்டும். மனுவை எழுதிக்கொடுங்கள், ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் கூட நடங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அறுபதாம் நாள் மறுபடியும் போய்க் கேளுங்கள். கோவிலுக்கு விளக்குப் போடுவதைவிட, ஒரு விதவைக்குச் சேர வேண்டிய பாக்கியை வசூலித்துக் கொடுப்பது ஆயிரம் பங்கு மேலான காரியம். கேட்காதவனுக்குக் கிடைக்காது, குனிந்து கேட்டால் பிச்சைதான் கிடைக்கும், நிமிர்ந்து கேட்டால்தான் பாக்கி வசூலாகும்.